புரொஜெக்டரில் கேம் ஆடும்போது வரும் மோஷன் பிளர்: எந்த வழி யாருக்குச் சரி?

டிவியில் தெளிவாக ஓடிய கேம், புரொஜெக்டரில் போட்டதும் கேமராவைத் திருப்பினாலே கலங்குகிறது. மெனுவில் இருக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை ஆன் செய்வதா, 4கே-யை விட்டுவிட்டு 120 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 120 முறை படம் மாறும் வேகம்) போவதா, பிளாக் ஃப்ரேம் என்று ஏதோ சொல்கிறார்களே அதைப் பார்ப்பதா, இல்லை புரொஜெக்டரையே மாற்றுவதா? இந்தக் குழப்பத்தோடு கேட்பவர்கள் நிறையப் பேர். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோருக்கு, ரெசல்யூஷனை இறக்கி நிஜ ஃப்ரேம்களை (நொடிக்குக் காட்டும் தனித்தனிப் படங்களை) கூட்டுவதுதான் சரியான வழி. ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. யாருக்கு ஏன் பொருந்தாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

## எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

கேமில் கேமராவை வேகமாகத் திருப்பிக்கொண்டே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை நிதானமாகத் திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டிலேயே கலங்கல் இருந்தால், அது கேம் தானே பூசிய பிளர். புரொஜெக்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ‘மோஷன் பிளர்’ என்பதை அணைத்துவிட்டால் போய்விடும். பல கன்சோல் கேம்களில் இது தொடக்கத்திலேயே ஆன் ஆகித்தான் வரும். ஸ்கிரீன்ஷாட் பளிச்சென்று இருந்து, திரையில் மட்டும் கலங்கினால்தான் கீழே சொல்லப்போகும் வழிகள் உங்களுக்குத் தேவைப்படும்.

அந்தக் கலங்கல் எப்படி வருகிறது? 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லி நொடி திரையில் அசையாமல் நிற்கிறது. ஆனால் ஓடும் காரைப் பின்தொடரும் உங்கள் கண் நிற்பதில்லை. அது சீராக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிற்கிற படத்தின் மேல் நகர்கிற கண் படும்போது, படம் விழித்திரையில் இழுபட்டுத் தெரிகிறது. ஃப்ரேம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இழுவல். பேனல் (புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் தகடு) எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்தப் பகுதி குறையாது.

நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஒரு பொருள் நகர்கிறது என்று வையுங்கள். பிளர் பஸ்டர்ஸ் தளத்தாரின் யுஎஃப்ஓ சோதனையில் வழக்கமாக இருக்கும் வேகம் இது. 100 அங்குலத் திரையில் 1080பி படம் என்றால் கணக்கு இப்படி வரும்:

| ரெஃப்ரெஷ் ரேட் | ஃப்ரேம் நிற்கும் நேரம் | இழுவல் | திரையில் அதன் அகலம் |
|---|---|---|---|
| 60 ஹெர்ட்ஸ் | 16.7 மில்லி நொடி | 16 பிக்சல் | சுமார் 18 மி.மீ. |
| 120 ஹெர்ட்ஸ் | 8.3 மில்லி நொடி | 8 பிக்சல் | சுமார் 9 மி.மீ. |
| 240 ஹெர்ட்ஸ் | 4.2 மில்லி நொடி | 4 பிக்சல் | 5 மி.மீ.க்கும் குறைவு |

43 அங்குல டிவியில் 60 ஹெர்ட்ஸில் அதே இழுவல் 8 மி.மீ.தான். நீங்கள் உட்காரும் சோபா மாறவில்லை, திரை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிட்டது. அதனால்தான் டிவியில் கண்ணில் படாத குறை இங்கே உறுத்துகிறது. சோபாவை அரை மீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். செலவே இல்லாமல் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்: அசைவில் தெளிவு எவ்வளவு கூடுகிறது, பட்டனை அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள தாமதம் (லேக்) எவ்வளவு ஏறுகிறது, வெளிச்சம் எவ்வளவு போகிறது, புதிதாக என்ன கோளாறு படத்தில் முளைக்கிறது, கடைசியாகப் பணம். பணத்தில் பில்லில் தெரியாத செலவும் உண்டு. ஐந்தில் எது முக்கியம் என்பது நீங்கள் ஆடும் கேமைப் பொறுத்தது. ஷூட்டருக்கும் சண்டை கேமுக்கும் லேக்தான் உயிர். கதையை ரசித்து மெதுவாக ஆடும் கேமில் 60 மில்லி நொடி கூடினாலும் பலர் கவனிப்பதில்லை. ஜன்னல் வழியே வெளிச்சம் வரும் ஹாலில் ஆடுபவருக்கு வெளிச்சம்தான் முதல் கவலையாக இருக்கும்.

## வழி 1: புரொஜெக்டரின் ஃப்ரேம் இன்டர்பொலேஷன்

மெனுவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது இதுதான். தொடக்கத்தில் மோஷன் ஸ்மூத்திங் என்று சொன்னதும் இதையேதான். எப்சனில் ‘ஃப்ரேம் இன்டர்பொலேஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, ஜேவிசியில் ‘கிளியர் மோஷன் டிரைவ்’ என்று பெயர் மாறும். எல்லாம் செய்வது ஒரே வேலை. வந்த இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று யூகித்து, இல்லாத ஃப்ரேமை வரைந்து சொருகுகிறது.

தெளிவு கூடும் என்பது உண்மை. ஆனால் நடு ஃப்ரேமை வரைய வேண்டுமானால் அடுத்த ஃப்ரேம் கையில் வந்திருக்க வேண்டும். அதனால் குறைந்தது ஒரு ஃப்ரேம் நேரம் காத்திருந்தே ஆக வேண்டும். கணக்குப் போடும் நேரம் அதற்கு மேல். இதை ஆன் செய்த புரொஜெக்டரில் மொத்த லேக் 100 மில்லி நொடியை நெருங்குவது புதிதல்ல. அந்த நிலையில் கார் ரேஸில் திருப்பத்துக்கு முன்னாலேயே ஸ்டிக்கைத் திருப்பப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். ஷூட்டரில் குறி வைப்பது கைக்கு அடங்காது.

அடுத்தது படத்தில் வரும் கோளாறு. திரையின் நடுவே அசையாமல் நிற்கும் குறிவட்டத்தைப் பாருங்கள். பின்னணி வேகமாக நகரும்போது அந்த வட்டத்தைச் சுற்றித் தண்ணீர் அலைவதுபோல் ஒரு நடுக்கம் தெரியும். நிற்பது எது, நகர்வது எது என்று புரொஜெக்டரால் பிரிக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. மூலையில் இருக்கும் வரைபடம், உயிர்க்கோடு, வசன எழுத்து எல்லாவற்றின் விளிம்பிலும் இது வரும்.

லேக்கைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டால் பல புரொஜெக்டர்களில் இந்த வசதி தானாக அணைந்துவிடும். எப்சனில் இமேஜ் பிராசஸிங்கை ‘ஃபாஸ்ட்’ என்று வைத்தால் ஃப்ரேம் இன்டர்பொலேஷன் மெனுவையே தொட முடியாது. ஆக, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

அப்படியானால் இது யாருக்கு? 30 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 30 ஃப்ரேம்) மட்டும் ஓடும் கேமை அவசரமில்லாமல் ஆடுபவருக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 எஃப்பிஎஸ் கேம் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டும். நகரும் பொருளின் விளிம்பு இரட்டையாகத் தெரிவது அதனால்தான். பழைய பிஎஸ்4 கேம், முறைவைத்து ஆடும் வியூக கேம், ஊர் சுற்றிப் பார்க்கும் கேம் இவற்றில் இன்டர்பொலேஷனைக் ‘குறைவு’ அளவில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து அந்த இரட்டை விளிம்பைக் குறைக்க வேறு சுலபமான வழி இல்லை.

## வழி 2: ரெசல்யூஷனை இறக்கி, நிஜ ஃப்ரேம்களைக் கூட்டுவது

எனக்குப் பிடித்த வழி இது. ஃப்ரேம் நிற்கும் நேரம் பாதியானால் இழுவலும் பாதியாகிறது, யூகம் எதுவும் கிடையாது, வெளிச்சம் குறையாது. லேக்கும் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. ஐந்து அளவுகோலில் நான்கில் லாபம் தரும் வழி வேறு எதுவும் இல்லை.

பலரிடம் இருக்கும் புரொஜெக்டருக்கே இந்தத் திறன் உண்டு, யாரும் அதை ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள். 0.47 அங்குல டிஎல்பி சிப் (நுண்கண்ணாடிகளைத் திருப்பிப் படம் காட்டும் சிப்) உள்ள 4கே புரொஜெக்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிப்பில் இருப்பது 1920×1080 நுண்கண்ணாடிகள்தான். ஒவ்வொரு 4கே ஃப்ரேமுக்கும் படத்தை நான்கு நிலைகளுக்கு மிக நுணுக்கமாக நகர்த்திக் காட்டி, 60 ஹெர்ட்ஸில் 4கே-யை உருவாக்குகிறது. அப்படியானால் அந்தக் கண்ணாடிகள் நொடிக்கு 240 படங்களை ஏற்கெனவே காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நகர்த்தும் வேலையை நிறுத்திவிட்டு 1080பி கொடுத்தால், 240 தனித்தனி ஃப்ரேம்களாக அதே வேகம் உங்களுக்குக் கிடைக்கிறது. பென்க்யூ எக்ஸ்3000ஐ, ஆப்டோமா யுஎச்டி38 போன்றவை 1080பி 240 ஹெர்ட்ஸை ஏற்பது இப்படித்தான். 4கே 60-இல் சுமார் 16 மில்லி நொடி, 1080பி 240-இல் சுமார் 4 மில்லி நொடி என்று தயாரிப்பாளர்களே லேக் கணக்குத் தருகிறார்கள்.

ஆன் செய்ய மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் 60-லேயே நிற்கும்.

முதலில் புரொஜெக்டர்: கேம் மோடு ஆன், கீஸ்டோன் முழுக்க அணை. படத்தை மென்பொருளால் வளைத்துச் சதுரமாக்கும் கீஸ்டோன் எழுத்தின் கூர்மையையும் தின்னும், சில மாடல்களில் வேக மோடையே தடுக்கும். எனவே புரொஜெக்டரைத் திரைக்கு நேராக வைத்தே ஆக வேண்டும். மேஜையில் ஓரமாக வைத்து ஆடுபவருக்கு இங்கேதான் முதல் செலவு: ஒரு ஸ்டாண்டோ சீலிங் மவுண்டோ.

அடுத்து கன்சோல் அல்லது பிசி. பிஎஸ்5-இல் ‘ஸ்கிரீன் அண்ட் வீடியோ’ பகுதியில் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்டைத் தானியங்கியில் வையுங்கள். கேம் ப்ரீசெட்டில் ‘பெர்ஃபார்மன்ஸ் மோடு’ தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ‘அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே’ உள்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டைக் கையால் மாற்ற வேண்டும். நீங்கள் மாற்றாதவரை அது 60-லேயே கிடக்கலாம்.

மூன்றாவது, கேமுக்குள். ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி போன்றவற்றில் 120-க்கான ஆப்ஷன் தனியாக இருக்கும்.

இனி மறைந்திருக்கும் செலவு. கேபிள்தான் பெரிய தலைவலி. சீலிங்கில் மாட்டிய புரொஜெக்டருக்கு 10 மீட்டர் எச்டிஎம்ஐ தேவைப்படும். சாதாரணச் செம்புக் கேபிள் அந்த நீளத்தில் 1080பி 60-ஐ நன்றாகவே கடத்தும். 240-க்கோ 4கே 120-க்கோ போனதும் படம் விட்டுவிட்டு வரும், திரை கறுக்கும். அந்த நீளத்துக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவது நல்லது. அதற்குத் திசை உண்டு என்பதைக் கவனியுங்கள். ‘சோர்ஸ்’ என்று போட்ட முனை கன்சோல் பக்கம், ‘டிஸ்ப்ளே’ முனை புரொஜெக்டர் பக்கம். சுவருக்குள் பைப்பில் இழுத்த பிறகு திசை மாறியிருப்பது தெரிந்தால், எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டு முழுவதையும் உருவ வேண்டியதுதான்.

நடுவில் பழைய ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) இருந்தால் அதுவும் 60-இல் கட்டிப்போடும். அந்த நிலையில் கன்சோலை நேராகப் புரொஜெக்டரில் சொருகிவிட்டு, சத்தத்தை வேறு வழியில் ரிசீவருக்குக் கொண்டுபோக வேண்டும்.

240 வேண்டுமென்றால் பிசி மட்டுமே வழி. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 120-க்கு மேல் தராது. முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் 60-ஐத் தாண்டாது. பிசியிலும் வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டே வேகமாக ஓட்டிவிடும். எல்டன் ரிங்கோ 60 எஃப்பிஎஸ்ஸில் பூட்டப்பட்ட கேம். உங்கள் புரொஜெக்டர் 240 ஹெர்ட்ஸ் காட்டினாலும் அதற்கு வரும் படம் 60-தான்.

4கே போய்விடுகிறதே என்று வருத்தப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். படம் நிற்கும்போதுதான் 4கே-யின் நுணுக்கம் தெரியும். 60 ஹெர்ட்ஸில் அசைவு தொடங்கிய உடனே மேலே பார்த்த 18 மி.மீ. இழுவல் அந்த நுணுக்கத்தை அழித்துவிடுகிறது. ஓடி ஆடும் கேமில் 1080பி 120-தான் அதிக விவரம் காட்டும். நின்று நிதானமாக ஊரைப் பார்க்கும் கேம் என்றால் 4கே 60-ஐத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

பிசியில் இதற்கு ஒரு கிளைவழி உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனங்களான என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஆகிய இரண்டு மென்பொருள் வசதிகளிலும் ஃப்ரேம் ஜெனரேஷன் வந்துவிட்டது. இதுவும் நடு ஃப்ரேமைக் கணக்கிட்டுத்தான் போடுகிறது. ஆனால் எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்ற தகவல் கேமிடமிருந்தே கிடைப்பதால், புரொஜெக்டரின் யூகத்தைவிடப் படம் சுத்தமாக இருக்கும். லேக் கொஞ்சம் ஏறும். கேம் சொந்தமாக 60 எஃப்பிஎஸ்ஸாவது ஓடினால் மட்டும் இதைப் போடுங்கள். 30-ஐ 60 ஆக்கினால் கண்ணுக்கு வேகமாகத் தெரியும், கைக்கு மந்தமாகவே இருக்கும்.

## வழி 3: பிளாக் ஃப்ரேம் இன்செர்ஷன்

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவில் ஒரு கறுப்புத் திரை. 60 எஃப்பிஎஸ் கேமை 120 ஹெர்ட்ஸில் அனுப்பி, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்கினால், ஒவ்வொரு படமும் 8.3 மில்லி நொடிதான் கண்ணில் படும். அதாவது கேம் 60-இல் ஓடினாலும் தெளிவு 120-க்கு வந்துவிடுகிறது. பழைய சிஆர்டி டிவியில் அசைவு ஏன் அவ்வளவு துல்லியமாக இருந்தது என்பதற்கும் காரணம் இதுவே. அதில் ஒவ்வொரு புள்ளியும் மின்னிவிட்டு உடனே அணைந்துவிடும்.

பழைய கேம் பிரியர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சூப்பர் நின்டெண்டோ, சேகா காலத்து கேம்களை 60-க்கு மேல் ஓட்டவே முடியாது, கூட்டுவதற்கு நிஜ ஃப்ரேம் கிடையாது. ரெட்ரோஆர்க் மென்பொருளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 120 ஹெர்ட்ஸ் ஏற்கும் புரொஜெக்டர் இருந்தால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை.

விலை வெளிச்சத்தில் வருகிறது. பாதி நேரம் கறுப்பு என்றால் பாதி வெளிச்சம் போச்சு. 1000 ஆன்சி லூமன் (நிர்ணயித்த முறையில் அளந்த வெளிச்ச அளவு) நிஜமாகத் தரும் புரொஜெக்டரில், 100 அங்குலச் சாதாரண வெள்ளைத் திரையில் சுமார் 115 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வரும். பாதியானால் 57. தியேட்டர்களில் டிஜிட்டல் படத்துக்கான அளவு 48 நிட் என்பதால், இருட்டறையில் இது தாராளம். ஆனால் 300 லூமன் புரொஜெக்டரில் மிஞ்சுவது 17 நிட்தான், கறுப்பும் சாம்பலும் ஒன்றாகிவிடும். லேம்ப் மாடல்களில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். லேம்ப் ஆயுள் என்று பெட்டியில் போடும் மணிக்கணக்கு, பொதுவாக வெளிச்சம் பாதியாகக் குறையும்வரை உள்ள காலத்தைத்தான் குறிக்கும். பழைய லேம்ப்போடு இதைச் சேர்த்தால் கால் பங்குதான் மிஞ்சும்.

மினுமினுப்பும் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் திரை மின்னி அணைவதைச் சிலரால் சில நிமிடம்கூடப் பார்க்க முடியாது, தலை வலிக்கும். பெரிய திரையில் ஓரக்கண்ணில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். வீட்டில் யாருக்காவது ஒளி மினுமினுப்பால் வலிப்பு வரும் தொந்தரவு இருந்தால் இந்த வழியே வேண்டாம். எல்சிடி பேனல்களில் பலன் குறைவு, ஏனென்றால் 8.3 மில்லி நொடிக்குள் பேனல் முழுக்கக் கறுப்பாகி மீண்டும் வர நேரம் போதாது. சிலவற்றில் முந்தைய படத்தின் சாயல் தற்காலிகமாகத் தங்கவும் செய்யும். கண்ணாடிகள் மைக்ரோநொடிகளில் திரும்பும் டிஎல்பி-யில் இது சுத்தமாக வேலை செய்யும்.

## வழி 4: புரொஜெக்டரையே மாற்றுவது

டிஎல்பி வாங்கினால் பிளர் போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. பேனல் மந்தத்தால் வரும் வால் போய்விடும். ஆனால் ஃப்ரேம் நிற்பதால் வரும் இழுவல் 60 ஹெர்ட்ஸ் டிஎல்பி-யிலும் அப்படியே இருக்கும். எனவே 120-ஐ ஏற்காத டிஎல்பி-க்கு மாறுவது, பிளருக்காக என்றால், பணத்துக்கேற்ற பலன் தராது.

டிஎல்பி-க்கு இன்னொரு குணமும் உண்டு. ஒற்றைச் சிப் மாடல்கள் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்டுகின்றன. கண்ணை வேகமாக ஓட்டினால் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் சிதறும். சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலருக்கு அது மட்டும்தான் தெரியும். வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லாரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று எல்சிடி பேனல் உள்ளவற்றில் வானவில் கிடையாது, நிறம் அருமை, ஆனால் வேகமானவை விலை உயர்ந்தவை. எப்சன் எல்எஸ்12000 போன்றவை 4கே 120 ஏற்கும். சினிமாவும் கேமும் சமமாகப் பார்க்கும் வீட்டுக்கு அந்த வகையில் பணம் போடலாம். கேம் மட்டும்தான் என்றால் 1080பி 240 டிஎல்பி போதும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு புரொஜெக்டர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் முதல் புரொஜெக்டராக இதை வாங்குபவர்கள் அதிகம். இவற்றில் பெரும்பாலானவை ஒற்றை எல்சிடி பேனல், பின்னால் எல்இடி விளக்கு. ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம், காட்டுவது 720பி-யாகவோ 1080பி-யாகவோ இருக்கும். 120 ஹெர்ட்ஸ் உள்ளீடு அநேகமாக இருக்காது. பேனல் மந்தம் என்பதால் 60-இலேயே நிழல்போல் ஒரு வால் வரும். இதை வைத்திருப்பவர் வழி 2-க்கோ 3-க்கோ போக முடியாது. கேமின் மோஷன் பிளரை அணைத்து, கீஸ்டோனை அணைத்து, கேம் மோடு இருந்தால் போட்டு, 60 எஃப்பிஎஸ் கீழே இறங்காதபடி கிராஃபிக்ஸைக் குறைத்து ஆடுங்கள். கேபிள், மவுண்ட் என்று இதற்கு மேல் அதில் பணம் போடாதீர்கள், அடுத்த புரொஜெக்டருக்குச் சேர்த்து வையுங்கள்.

கடைக்குப் போகும்போது பெட்டியில் போட்டிருக்கும் ‘கேமிங்’ என்ற வார்த்தையை விட்டுவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். 1080பி-யில் எத்தனை ஹெர்ட்ஸ் உள்ளீடு ஏற்கும்? அந்த வேகத்தில் லேக் எத்தனை மில்லி நொடி? அந்த மோடில் கீஸ்டோன் வேலை செய்யுமா? லூமன் கணக்கு ஆன்சியா, இல்லை வெறும் லூமனா? கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அந்த மாடலின் மேனுவலை போனில் இறக்கி, ஏற்கும் சிக்னல்களின் அட்டவணையைப் பாருங்கள். விளம்பரத்தில் எதைப் போட்டிருந்தாலும், 120 ஹெர்ட்ஸ் வரி அந்த அட்டவணையில் இல்லையென்றால் அந்த மாடலில் 120-ஐ நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.